பதிவுக்கு முன்னே பணத்துக்கு வழி: சேலத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வு தொடங்குவோருக்கு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, நெறியாளரையும் தலைப்பையும் முடிவு செய்துகொண்ட பிறகு, உதவித்தொகைக்கு என்ன வழி என்று விசாரிக்கத் தொடங்குவதே நம் பக்கத்தில் பெருவழக்காக இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. கருப்பூரில் உள்ள அதன் வளாகத்திலும் இணைவுபெற்ற கல்லூரிகளின் ஆய்வுத் துறைகளிலும் சேர்கிறவர்களில் பலர், தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஐந்தாறு ஆண்டுகள் வருமானமின்றி இருக்க வீட்டு நிலைமை இடங்கொடாதவர்கள். அவர்களை மனத்தில் வைத்து, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்ற வரிசையில் இக்கட்டுரை எழுதப்படுகிறது. மதிப்பெண் போதாமல் உதவித்தொகையை இழப்பவர்களைக் காட்டிலும், வயது வரம்பையோ சான்றிதழின் தேதியையோ தவறவிட்டு இழப்பவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

இரண்டு வகைப் பணம்

ஆய்வு மாணவருக்குத் தேவைப்படும் பணம் இரண்டு வகைப்படும். மாதந்தோறும் சோற்றுக்கும் வாடகைக்கும் ஆகிற பணம் ஒன்று. களப்பணி, ஆவணக்காப்பகப் பயணம், ஆய்வகப் பொருள்கள், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல் போன்ற ஆய்வுச் செலவுக்கான பணம் மற்றொன்று. இவ்விரண்டையும் வழங்கும் அமைப்புகள் பெரும்பாலும் வேறு வேறானவை. விண்ணப்பிக்க வேண்டிய காலமும் வேறு. முதல் வகைக்கான முயற்சி முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். இரண்டாம் வகைக்கு, பதிவு முடிந்து ஓராண்டாவது ஆகி, ஆய்வுக் கேள்வி தெளிந்த பிறகு விண்ணப்பிப்பதே பலன் தரும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டுமே கைநழுவக்கூடும்.

முதல் படி: முதுகலையில் இருக்கும்போதே நெட்

முதுகலைப் படிப்புக்கே பணம் தேவைப்படுவோர், பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலைக்கான தேசிய உதவித்தொகையைப் பார்க்கலாம். இது முதலாண்டில் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டியது. ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும். பொறியியலில் முதுகலை சேர்வோருக்கு கேட் எனப்படும் தேசிய நுழைவுத் தேர்வின் வழியே மாதம் 12,400 ரூபாய் உண்டு.

முனைவர் பட்டத்துக்கு இன்றும் முதன்மையான வழி நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., பெறுவதே. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன் பின்னர் முதுநிலை உதவித்தொகையாக மாதம் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மொத்தக் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். விடுதியில் தங்காதோருக்கு வீட்டு வாடகைப்படி தனி. மொழிகள், சமூக அறிவியல், வணிகவியல் போன்ற பாடங்களுக்கு தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை நெட் தேர்வை நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் ஆகியவற்றுக்கு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் (சி.எஸ்.ஐ.ஆர்.) பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) சேர்ந்த கூட்டு நெட் தேர்வு தனியே நடக்கிறது. முதுகலை இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது வயது. ஜே.ஆர்.எஃப். பெறப் பொதுப் பிரிவினருக்கு 30 வயதே வரம்பு. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது என்பதால், எப்போது எழுதினாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பி.எட். முடித்து, சில ஆண்டுகள் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, பிறகு ஆய்வுக்கு வருவோர் இந்த எண்ணத்தாலேயே உதவித்தொகையை இழக்கிறார்கள். மாநிலத் தகுதித் தேர்வான செட் எழுதித் தேறினால் ஆசிரியப் பணிக்குத் தகுதி கிடைக்குமே தவிர உதவித்தொகை கிடைக்காது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் வரலாறோ பொருளியலோ படித்தவர்களுக்கு நெட் வினாத்தாள் ஒரு தடை. மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்றவற்றின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளும் அப்படியே. பாட அறிவு குறையாமல் இருந்தும் கலைச்சொல் பிடிபடாமல் மதிப்பெண் இழக்க நேர்வதால், முதுகலை முதலாண்டிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வோர் அலகுக்கும் இருமொழிச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்வது பயிற்சி மையக் கட்டணத்தைவிடப் பயனுள்ளது. நெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுத வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். கூட்டுத் தேர்வில் கழிவு உண்டு.

ஜே.ஆர்.எஃப். பெற்றவர் மூன்றாண்டுகளுக்குள் முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் போதும். எனவே அவசரப்பட்டு ஏதோ ஒரு நெறியாளரிடம் சேர வேண்டிய நெருக்கடி இல்லை. பதிவு செய்து மூன்றாண்டுகள் கழித்து ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கோ, தேர்வு முடிவு வந்த நாளிலிருந்துதான் தொகை கணக்கிடப்படும், ஆய்வேட்டை ஒப்படைத்ததும் நின்றுவிடும். ஐந்தாண்டு உதவித்தொகையில் ஒன்றிரண்டு ஆண்டுகள் மட்டும் மிஞ்சுவது இப்படித்தான். பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்களுக்கு இத்தொகை இல்லை.

இரண்டாம் படி: சான்றிதழ்கள்

எளிதாகத் தோன்றி அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்தப் படி. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று நாம் வைத்திருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் உதவித்தொகைகளுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழைத் தனியே பெற வேண்டும். அது வருமான நிலையைச் சார்ந்தது என்பதால், எந்த நிதியாண்டில் வழங்கப்பட்டது என்பதைப் பார்ப்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இடம்பெறவில்லை; உங்கள் சமூகத்தின் பெயர் அங்கே எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்து, அதே எழுத்துக்கூட்டல் சான்றிதழில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று விண்ணப்ப எண்ணைக் கொண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஏற்காடு, கருமந்துறைப் பக்கங்களிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் விசாரித்து வழங்க வேண்டும் என்பதால் நாள் பிடிக்கும். உதவித்தொகை அறிவிப்பு வந்த பிறகு இதற்கு அலைந்தால் கடைசித் தேதிக்குள் முடியாது. பள்ளிக் காலத்திலேயே வாங்காதவர்கள் இளங்கலையில் இருக்கும்போதாவது வாங்கிவிட வேண்டும்.

பெயரின் தலைப்பெழுத்து மாறுவது வேறொரு தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், ஆதாரில் தந்தை பெயர் விரிவாகவும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், இணையவழி விண்ணப்பங்கள் தாமாகவே நிராகரிக்கப்பட்டுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே எளிது.

மூன்றாம் படி: ஜே.ஆர்.எஃப். கிடைக்காதபோது

நெட் எழுதியும் ஜே.ஆர்.எஃப். எல்லையை எட்டாதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணே வேறு கதவுகளைத் திறக்கும். பட்டியல் இனத்தவருக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கானது 1,000 பேருக்கும் வழங்கப்படுகிறது. இரண்டுமே நெட் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டவை. நெட் விண்ணப்பத்தை நிரப்பும்போது இத்திட்டங்கள் குறித்த கேள்வி வந்தால் தாண்டிச் செல்லாதீர்கள். பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகையை மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் நேரடியாக நடத்துகிறது. ஆண்டுக்கு 750 இடங்கள். முதுகலை மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். நெட் தேறாத மலை மாணவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய இத்திட்டத்தைப் பற்றித் துறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையில் 2022-23 முதல் புதிய தேர்வு இல்லை. பழைய வழிகாட்டிகளில் அதன் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தமிழ்நாடு அரசு, முழுநேரமாக முனைவர் பட்டம் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2023-இல் தகுதித் தேர்வு நடத்தியது. அடுத்த அறிவிப்பை எதிர்பார்ப்போர் வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்துவர வேண்டும். நாளிதழ்ச் செய்திக்காகக் காத்திருந்தால் விண்ணப்பக் காலத்தில் பாதி கழிந்திருக்கும்.

உடன்பிறந்தோர் இல்லாத ஒற்றைப் பெண் குழந்தைகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை உண்டு. முதுகலை அறிவியலில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர்., மெய்யியலுக்கு ஐ.சி.பி.ஆர். என்று தனித்தனி மன்றங்கள் இருக்கின்றன. பழந்தமிழ் இலக்கியம், இலக்கணம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் சென்னைப் பெரும்பாக்கத்தில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும்.

பேராசிரியர் ஒருவருக்குக் கிடைத்த ஆய்வுத் திட்டத்தில் திட்ட ஆய்வாளராகச் சேர்வதும் ஒரு வழி. முன்பு செர்ப் என்ற பெயரில் அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி வழங்கிய மத்திய அரசு அமைப்பின் பணியை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது ஏற்றிருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளிலும், ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பேணும் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களிலும் இத்தகைய பணியிடங்கள் நேர்முகத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும். ஆய்வேடு அதற்குள் முடியாது. ஆகவே சேரும்போதே, திட்டத்தின் தரவை உங்கள் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்பதையும், திட்டம் முடிந்த பிறகு என்ன ஏற்பாடு என்பதையும் நெறியாளரிடம் கூச்சமின்றிக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதால் மரியாதை குறைந்துவிடாது.

நான்காம் படி: களப்பணிக்கான பணம்

ஜே.ஆர்.எஃப். கிடைத்தாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கன்டிஜென்சி எனப்படும் ஆய்வுச் செலவுத் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கலைப் பாடங்களுக்கு அது முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய்; பிறகு 20,500 ரூபாய். முதலாண்டுத் தொகையை மாதங்களுக்குப் பங்கிட்டால் 833 ரூபாய் வருகிறது. புத்தகம், நகல், தட்டச்சு, பயணம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை அவரே எழுதிப் பார்க்கட்டும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் தொழிலாளர்கள் பகலில் வேலையில் இருப்பார்கள். பேச்சு மாலையில்தான் நடக்கும். உள் கிராமங்களிலிருந்து அந்நேரத்தில் கீழே இறங்கப் பேருந்து கிடைப்பது அரிது. எனவே தங்கும் செலவு கட்டாயம். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏற்காட்டில் அறை வாடகை எகிறிவிடும். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலம் ஆய்வுக்குச் சிறந்தது. அதன் முற்பகுதியோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் போன்ற நிலைமைகளுக்காக, திட்டமிட்ட நாள்களுக்கு மேல் சில நாள்களைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் உங்களிடம் அரை நாள் பேசினால், அந்த இழப்பை ஈடுசெய்வதற்கு ஒரு தொகையும் அக்கணக்கில் இருக்க வேண்டும். நம் மாணவர்கள் இதை எழுதுவதே இல்லை. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு நாள் போய்விடும். அதைப் பிறரிடம் கொடுத்தால் அதற்கும் பணம் வேண்டும்.

இந்தச் செலவுகளுக்கென்றே நிதி தரும் அமைப்புகள் இருக்கின்றன. மானிடவியல் ஆய்வுக்கு நியூயார்க்கில் உள்ள வென்னர்-கிரென் அறக்கட்டளை, எந்த நாட்டவராயினும், முனைவர் பட்டக் களப்பணிக்கு 25,000 டாலர் வரை வழங்கிவந்திருக்கிறது. உயிரினப் பாதுகாப்புத் தொடர்பான களப்பணிக்குப் பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை சிறு நிதி தருகிறது. ஆனால் தூய கல்விசார் ஆய்வை அது ஏற்பதில்லை. சேர்வராயன் சோலைகளில் ஒரு தாவரத்தைக் கணக்கெடுப்பதாக மட்டும் எழுதினால் மறுத்துவிடுவார்கள். அக்கணக்கெடுப்பைக் கொண்டு அத்தாவரத்தைக் காப்பதற்கு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் வேலை செய்ய வனத்துறை அனுமதி தேவை. உயிரியல் மாதிரிகளை ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். இந்த அனுமதிகளுக்கு மாதங்கள் ஆகும் என்பதால், நிதிக்கு விண்ணப்பிக்கும் அதே வேளையில் இவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

வரலாற்று ஆய்வாளரின் களம் ஆவணக்காப்பகம். ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கியது சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-களில். அக்காலத்து வருவாய் ஆவணங்களைப் பார்க்க எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் பல வாரங்கள் போய்வர வேண்டும். கம்பெனி ஆட்சிக் காலத்தின் மற்றொரு பகுதி ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டனில் குறுகிய கால ஆய்வுப் பயணத்துக்கு சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கை உண்டு. இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு ஓராண்டுக்கு முன்பாவது பதிவு செய்திருக்க வேண்டும். களப்பணியை முடித்து எழுதும் நிலையில் இருப்போருக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். குறுகிய கால உதவித்தொகையும் வழங்கிவந்திருக்கிறது.

ஐந்தாம் படி: முன்மொழிவு

'சேர்வராயன் மலைவாழ் மக்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு' என்ற வகைத் தலைப்பைக் கண்டதுமே மதிப்பீட்டாளர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். எதைக் கண்டறியப் போகிறீர்கள் என்பது அதில் இல்லை. சவுக்கைப் போல உயர்ந்து வளரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிக் காப்பியோடு சேர்த்துப் பயிரிடும் சிறு விவசாயிகள், காப்பி விலை விழும் ஆண்டுகளில் மிளகைக் கொண்டு எப்படிச் சமாளிக்கிறார்கள், அப்போது நிலக் குத்தகை யார் கைக்கு மாறுகிறது என்று கேட்டால், அது விடை காணக்கூடிய கேள்வி. அக்கேள்வியை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். நம் மாணவர்களின் முன்மொழிவுகள் பெரும்பாலும் இந்திய வேளாண்மையின் முக்கியத்துவத்தில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் ஏற்காட்டை அடைகின்றன.

தில்லியிலோ நியூயார்க்கிலோ இருந்து படிப்பவருக்குச் சேர்வராயன் மலை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும் என எதிர்பார்க்கக் கூடாது. ஏன் இந்த இடம் என்ற கேள்விக்கு, நான் இந்த ஊர்க்காரன் என்பது விடையாகாது. பெரிய தோட்டங்களும் பழங்குடியினரின் சிறு காணிகளும் பாக்சைட் சுரங்கம் நடந்த நிலமும் ஒரே மலையில் அடுத்தடுத்து இருப்பதால் மூன்றையும் ஒப்பிட முடிகிறது என்பது விடையாகும். உள்ளூர்க்காரர் என்பதால் உங்களுக்கு இருக்கும் சாதகத்தை, அதாவது மொழி, போய்வரும் வசதி, ஏற்கெனவே இருக்கும் அறிமுகம் ஆகியவற்றை, ஆய்வு முறை பற்றிய பகுதியில் தயங்காமல் எழுதலாம். தமிழில் யோசித்து, தமிழிலேயே முதல் வரைவை எழுதி, பிறகு ஆங்கிலமாக்குவோரின் முன்மொழிவுகள், இணையத்திலிருந்து ஆங்கில வாக்கியங்களைத் திரட்டியவர்களின் முன்மொழிவுகளைவிடத் தெளிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். செலவுக் கணக்கும் முன்மொழிவின் ஓர் உறுப்பே. எத்தனை நாள், எத்தனை ஊர், எத்தனை பேர் என்று ஆய்வு முறையில் சொன்ன எண்களும் செலவுக் கணக்கின் எண்களும் ஒத்துப்போகாவிட்டால், திட்டம் தீர யோசிக்கப்படவில்லை என்று முடிவு செய்துவிடுவார்கள்.

ஆறாம் படி: கையொப்பங்கள்

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். போன்ற அமைப்புகளுக்கான விண்ணப்பம் நெறியாளர், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளர் ஆகியோரின் கையொப்பத்தோடு போக வேண்டும். தருமபுரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கல்லூரி ஆய்வுத் துறையில் இருப்பவர் கருப்பூருக்கும் அலைய நேரலாம். கடைசித் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு உங்கள் முன்மொழிவின் சுருக்கத்தையும் அந்த அமைப்பு கேட்கும் கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தால், 'இவர் நல்ல உழைப்பாளி' என்பதற்கு மேல் அவரால் எழுத முடியும்.

தொகை ஒதுக்கப்பட்ட பிறகு

ஆணை வந்துவிட்டால் அடுத்த மாதமே பணம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சேர்க்கை அறிக்கை, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகத்தின் உறுதிப்பாடு ஆகியவை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முதல் தவணைக்கு மாதங்கள் ஆவது வழக்கம். ஆறு மாதச் செலவுக்காவது வேறு ஏற்பாடு இருக்கட்டும். அதன் பிறகும், நீங்கள் பணியில் இருப்பதைப் பல்கலைக்கழக அலுவலகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்தால்தான் தொகை விடுவிக்கப்படும். அந்த வேலையைப் பார்க்கும் ஊழியர் யார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாண்டு முடிவில் முதுநிலைக்கு உயர்த்துவதற்கு, வெளி வல்லுநர் ஒருவரும் அடங்கிய குழு உங்கள் முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும். தேதியை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

ஆய்வுச் செலவுத் தொகைக்கு ரசீது அவசியம். ஏற்காட்டில் தங்கிய வீட்டுக்காரர் அச்சிட்ட ரசீது தர மாட்டார் என்பதால், தேதி, தொகை, காரணம், பெயர் எழுதிக் கையொப்பம் வாங்கும் தாளை அலுவலகம் ஏற்குமா என்று களத்துக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நிதியாண்டு முடிவில் பயனீட்டுச் சான்றிதழ் அளிக்கத் தவறினால் அடுத்த ஆண்டுத் தொகை நின்றுவிடும். கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு. கௌரவ விரிவுரையாளராகப் பெறும் ஊதியம் அதில் அடங்காது.

ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகைகளைப் பெறுவதற்கு விதிகள் இடந்தருவதில்லை. உதவித்தொகை பெற்றுக்கொண்டிருக்கும்போது கல்லூரியில் வேலை கிடைத்தால், பணியேற்கும் நாளுக்கு முந்தைய நாளோடு அதை முடித்துக்கொள்வதாக நெறியாளர் வழியாக எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் கணக்கில் ஏறிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் வேளையில் நிலுவையின்மைச் சான்றிதழை நிறுத்தி வைப்பார்கள் என்பதால், கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.